அத்தாவின் செவிக்கு எட்டும்படி

சென்ற ஆண்டு எங்கள் பழைய காரில் ஒரு நல்ல ஒலியமைப்பைப் பொருத்த முடிவு செய்தேன். சீட்டுப் பணத்திலிருந்து 25,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. இதைச் சொன்னதும் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஏங்க, இது மாமாவுக்கா, உங்களுக்கா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. கல்லூரி நாள்களில் டிக்கி அதிரும் கார்களை நின்று பார்த்து ஏங்கியவன் நான். அமல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நான், என் எண்ணத்தை நானே சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தா சோமனூர் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். தறிகள் ஓடும் கூடத்தில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். 85 டெசிபல் ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது செவிக்குத் தீங்கு என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. அத்தாவின் தலைமுறைக்கு இருந்த காப்பு காதில் செருகிய பஞ்சு மட்டுமே.

செவிப் பரிசோதனையின் வரைபடத்தை மருத்துவர் எங்களிடம் காட்டினார். தாழ்ந்த ஒலிகளில் கோடு ஓரளவு நேராகவே சென்றது. 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்கியது. "உங்கப்பாவுக்குச் சத்தம் கேக்குது, வார்த்தைதான் பிரிஞ்சு கேக்கலை" என்றார் அவர். உயிரொலிகள் தாழ்ந்த பகுதியில் ஒலிப்பவை. மெல்லிய உரசொலிகளோ உயர்ந்த பகுதியில் ஒலிப்பவை. தறி ஓசை முதலில் பறிப்பது இந்த இரண்டாவது பகுதியைத்தான். ஸே, ஸீன், ஷீன் என எழுத்து எழுத்தாக எனக்கு ஓதக் கற்றுத் தந்தவர் அத்தா. அந்த எழுத்துகளே அவருக்கு ஒன்றோடொன்று கலந்துபோயின.

செவிக்கருவி வாங்கினோம். வீட்டிலும் பள்ளிவாசலிலும் அணிந்துகொள்கிறார். காரில் ஏறினால் கழற்றிவிடுகிறார். சாலையின் இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்குகிறதாம்.

மாதம் ஒருமுறை ஈரோட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவோம். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கரும்புக்கடையிலிருந்து புறப்பட்டு, அவினாசி, பெருந்துறை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் கிராஅத் கேட்பதும், பிறகு நாகூர் ஹனீஃபா பாடல்கள் கேட்பதும் அத்தாவின் நீண்ட நாள் வழக்கம். கேட்டுக்கொண்டே உதடசைத்துக் கூடவே ஓதிவருவார்.

செவி மங்கியபின், "கூட்டுப்பா" என்பார், கூட்டுவேன். மறுபடியும், "கூட்டுப்பா" என்பார். பின்னிருக்கையில் ஏழு வயது மகள் காதைப் பொத்திக்கொள்வாள். கேட்கும் ஒலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல். சிறுவர்களுக்கு 75 டெசிபல். பெரியவரின் பழுதுபட்ட செவிக்காகச் சிறுமியின் நல்ல செவியைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தேன். இதை அத்தாவும் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். ஒருநாள், "நிறுத்திடுப்பா, நான் தூங்குறேன்" என்றார். ஆனால் அவர் தூங்கவில்லை. ஈரோடு வரும்வரை சன்னலைப் பார்த்தபடியே வந்தார். அடுத்தடுத்த மாதங்களிலும் அப்படித்தான்.

நகரின் ஒரு கடையில் விசாரித்தேன். பெரிய சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து 35,000 ரூபாய் என்றார்கள். போட்டுக் காட்டியபோது என் நெஞ்சு அதிர்ந்தது. பழைய ஆசையும் தலை தூக்கியது. ஆனால் ஒலித்த குரலில் ஒரு சொல்லும் தெளிவாக விளங்கவில்லை. அத்தாவுக்குக் குறையே இல்லாத தாழ்ந்த ஒலியைத்தான் அந்தக் கருவி மேலும் பெருக்கியது. மனைவியின் கேள்வி நினைவுக்கு வர, வெளியே வந்துவிட்டேன்.

பிறகு உக்கடத்தில் ஒரு சிறு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் பொருள் எதையும் காட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கருக்கு நேரே கதவைக் கையால் தட்டிக் காட்டினார். தகர டப்பாவைப் போல் ஒலித்தது. "கதவுதானுங்க ஸ்பீக்கருக்குப் பெட்டி. பெட்டி ஓட்டையா இருந்தா, எத்தனை விலைக்கு வாங்கிப் போட்டாலும் நிக்காதுங்க" என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். ஸ்பீக்கரின் முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கதவின் உள்தகட்டில் இருக்கும் துளைகள் வழியே இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். துளைகளை அடைத்து, தகட்டின் மீது அதிர்வை அடக்கும் ஷீட்டை ஒட்டினால் ஒலியும் திருந்தும், சாலை இரைச்சலும் குறையும். அடுத்தது ட்வீட்டர். உயர்ந்த ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேர்க்கோட்டில் செல்வது. கதவின் அடியில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும்போது அது காலிலும் இருக்கைத் துணியிலும் பட்டு அடங்கிப்போகும். அத்தாவுக்கு எது கேட்கவில்லையோ, அதைத்தான் எங்கள் கார் அவருடைய முழங்காலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

எனவே செலவைப் பின்வருமாறு வகுத்தோம். முன்கதவு இரண்டுக்கும் ஷீட், 4,500 ரூபாய். ட்வீட்டர் தனியாக வரும் காம்பொனென்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 8,000. இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர், 6,500. செம்புக் கம்பியும் ஃபியூஸும், 2,200. கூலி, 2,500. மொத்தம் 23,700 ரூபாய். காரோடு வந்த ஸ்டீரியோவை மாற்றவில்லை. அதன் ஸ்பீக்கர் இணைப்பையே நேராக ஏற்கும் ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து வாங்கினோம். சப்வூஃபர் வாங்கவே இல்லை.

பொருள் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட 300 வாட் என்பது கண நேர உச்சம். தொடர்ந்து தாங்கும் அளவான ஆர்.எம்.எஸ். 50 வாட்டாக இருக்கலாம், அதையே பாருங்கள். மலிவான கம்பிகளில் பல, செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிடக் குறைந்த மின்சாரத்தையே தாங்கும். பேட்டரியிலிருந்து வரும் கம்பிக்கு, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். கம்பி எங்கேனும் உரசித் தகட்டில் பட்டால் தீப்பற்றாமல் காப்பது அதுவே. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அண்ணனுடன் சேர்ந்து வேலை செய்தேன். மாலையில் வண்டியைக் கிளப்பியதும் ஒரு கீச்சொலி; எஞ்சின் வேகத்தோடு அதுவும் ஏறியது. தவறு என்னுடையது. எர்த் கம்பியைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தேன். பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் பொருத்தியதும் ஒலி நின்றது.

கெயின் என்னும் குமிழையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். அது ஒலியைக் கூட்டுவதற்கானது அன்று. ஸ்டீரியோ தரும் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை ஒப்பச் செய்வதற்கானது. அதை அளவாக வைத்தோம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டினோம். ட்வீட்டர்களைக் கண்ணாடி மூலையில், அத்தா அமரும் இருக்கையை நோக்கித் திருப்பினோம். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றே உயர்த்தினோம். பின்புற ஸ்பீக்கர்களின் ஒலியை மகளுக்காகத் தாழ்த்தினோம்.

லுக்மான் அலைஹிஸ்ஸலாம் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்திக்கொள்வதும் ஒன்று. பேச்சுக்கு மட்டும் உரியதாக அதை நினைத்திருந்தேன். நோயாளியும் கைக்குழந்தையும் உறங்கும் தெருவுக்குள், ஓதலையே ஒலிக்கவிட்டாலும், கண்ணாடி அதிரக் கார் ஓட்டும் இளைஞர்களைப் பார்க்கும்போது இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. நல்லதைக் கேட்கிறோம் என்பதால் அண்டைவீட்டாரின் உரிமை நீங்கிவிடாது.

அடுத்த மாதம் ஈரோட்டுக்குப் புறப்பட்டோம். கிராஅத்தை அளவாகவே ஒலிக்கவிட்டேன். அத்தா வழக்கம்போல் சன்னல் பக்கம் திரும்பியிருந்தார். விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கையை உயர்த்தினார். கூட்டச் சொல்கிறார் என்று எண்ணிக் குமிழில் கை வைத்தேன்.

"கொஞ்சம் கொறைச்சு வைப்பா. நல்லா வெளங்குது" என்றார்.

குறைத்தேன். பெருந்துறை நெருங்கியபோது அவர் உதடுகள் அசைவதைக் கண்டேன். எல்லாச் சொல்லும் அவருக்கு எட்டுவதில்லை. செவியின் பழுது கருவியால் தீர்ந்துவிடாது. சில இடங்களில் தயங்கி நின்றார். பிறகு நினைவிலிருந்து பற்றிக்கொண்டு தொடர்ந்தார். பின்னிருக்கையில் மகள் உறங்கிப்போயிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

மீதமிருந்த 1,300 ரூபாயை மனைவியிடம் திருப்பித் தந்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "மாமாவுக்குத்தான்" என்றாள்.