காதுக்குச் சில, கண்ணுக்குச் சில

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். நானும் பேசியே அனுப்பலாம். ஆனால் பட்டறை இரைச்சலில் பாதியைக் கேட்டுவிட்டு "சரிக்கா, சரிக்கா" என்பாய். காகிதத்தில் இருந்தால் புத்தகக் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பாப்பா கடகடவென்று சொல்கிறாள், வேறு புத்தகத்தை நீட்டினால் வாயைத் திறப்பதில்லை, நீ ஆசையாக வாங்கிப்போட்ட நூறு நீதிக்கதைப் புத்தகத்தை இன்னும் தொடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாய். பாடம் அவளுக்குக் காது வழியாக மனப்பாடம் ஆகியிருக்கிறது. கண்ணால் வாசிப்பது இப்போதுதான் தொடங்குகிறது. அந்த நீதிக்கதைப் புத்தகத்தையோ நான் பார்த்திருக்கிறேன். பக்கம் முழுக்கப் பொடி எழுத்து, படம் கிடையாது, முடிவில் ஒரு உபதேசம். நானே தொட மாட்டேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நீ வாங்க வேண்டியது இரண்டு வகைப் புத்தகம். நீ வாசித்துக் காட்ட அவள் கேட்பது ஒரு வகை. அவளே எழுத்துக் கூட்டி வாசிப்பது இன்னொரு வகை. இந்த வயதில் பிள்ளைகளின் காது கண்ணைவிட வெகுதூரம் முன்னால் ஓடும். பெரிய கதையைக் கண்ணிடம் கொடுத்தால் திணறுவாள். கண்ணுக்கு எட்டுகிற நாலு வார்த்தை வரிகளை மட்டுமே நாள் முழுக்கக் கொடுத்தால், புத்தகம் என்றாலே சப்பென்று இருக்கும் என்று நினைத்துவிடுவாள். கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள். பிரித்தெடுப்பது நம் வேலை.

காதுக்கானதைத் தேடி அலைய வேண்டாம். பரமார்த்த குரு கதையில் தொடங்கு. குருவும் சீடர்களும் ஆற்றைக் கடக்க நடுங்குவதை நீ குரலை ஏற்றி இறக்கி வாசித்தால் அவள் உருண்டு சிரிப்பாள். அதை எழுதிய வீரமாமுனிவர் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரத்தில் இருக்கும் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் அவர் கட்டியது. தெனாலிராமன், 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் பழைய இதழ்கள், எஸ். ராமகிருஷ்ணனின் 'கால் முளைத்த கதைகள்', எல்லாம் இந்த அடுக்கில் சேரும். அவள் கொஞ்சம் வளர்ந்ததும் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யைத் தினம் கொஞ்சமாக வாசித்துக் காட்டு. கீழடியை வைத்து எழுதிய கதை அது. 2023இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் வாங்கியது. மண்ணில் பொம்மை செய்கிற உனக்கே பிடிக்கும்.

கண்ணுக்கானதைத்தான் பார்த்து வாங்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கிறதா, படம் வண்ணமாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீ அதோடு வார்த்தையின் நீளத்தைப் பார். தமிழில் ஒரு வார்த்தை வால் மேல் வாலாக நீண்டுகொண்டே போகும். 'பறந்துகொண்டிருந்ததைப்' என்று ஒரு சொல் வந்தால், கடைசி எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து அவளுக்கு மறந்திருக்கும். 'காகம் பறந்தது' என்றால் வாசித்துவிடுவாள். ஒரு வரியில் மூன்று நாலு வார்த்தை, ஒரு பக்கத்தில் இரண்டு வரி, போன பக்கத்தில் வந்த வார்த்தையே இந்தப் பக்கத்திலும் திரும்ப வருவது, இவை இருந்தால் எடு. வாங்கும் முன் நீயே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார். உனக்கே மூச்சு வாங்கினால் வைத்துவிடு.

எழுத்து முழுக்கத் தெரிந்தபிறகு கதைப் புத்தகம் கொடுக்கலாம் என்று பாப்பாவின் அம்மா சொல்வதாகச் சொன்னாய். 247 எழுத்தும் முடியும்வரை கதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ட, ப, ம, ர நாலும், புள்ளி வைத்தால் எப்படி ஒலிக்கும் என்பதும் தெரிந்தாலே படம், மரம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். இன்னொரு விஷயம். நம் எழுத்தில் 'க' ஒன்றுதான். ஆனால் கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, மகளில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. எந்த இடத்தில் எப்படி என்று பிள்ளைக்கு யார் விதி சொல்லித் தருகிறார்கள்? ஒருவரும் இல்லை. ஏற்கெனவே காதில் விழுந்த வார்த்தை என்பதால், பாதி கூட்டும்போதே 'ஓ, தங்கம்!' என்று அவளே பிடித்துக்கொள்கிறாள். அதனால்தான் தெரிந்த வார்த்தைகள் உள்ள புத்தகம் வேண்டும் என்கிறேன். தெரியாத வார்த்தையில் அவள் கூட்டுவது வெறும் சத்தம். அதில் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்?

இதே காரணத்துக்காகப் பாட்டுப் புத்தகம் ஒன்று கட்டாயம் வாங்கு. அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதிக் குவித்தவர். 'மலரும் உள்ளம்' அவருடைய தொகுப்பு. அவர் பாட்டில் சிலதைப் பாப்பா பால்வாடியிலேயே பாடியிருப்பாள். வாய்க்குப் பழகிய பாட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே அவளை விரல் வைக்கச் சொல். வாய் ஓடும், விரல் பின்னால் நடக்கும். நாலு நாளில் விரல் வாயைப் பிடித்துவிடும். மனப்பாடம் வாசிப்புக்கு எதிரி என்று நினைக்காதே. முதல் படி ஏறுவதற்கு அதுவே கைப்பிடி.

பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதையும் நினைவில் வை. வீட்டில் பூனை வந்துச்சு, புத்தகத்தில் பூனை வந்தது. பள்ளிக்கூடம் போகும்வரை 'வந்தது' என்று சொல்லும் ஒரு ஆளைக்கூட அவள் பார்த்திருக்க மாட்டாள். புத்தகத்தில் 'ஓடியது' என்று இருப்பதை அவள் 'ஓடுச்சு' என்று வாசித்தால் அதட்டாதே. பொருள் புரிந்து வாசிக்கிறாள் என்று அர்த்தம். பக்கம் முடிந்தபிறகு நீ ஒருமுறை எழுத்தில் உள்ளபடி வாசித்துக் காட்டினால் போதும். பாத்திரங்கள் பேசுகிற இடத்தில் பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கும் புத்தகம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடு.

என்ன பதிப்பகம் என்று கேட்டாய். சென்னையில் தூலிகா 1996லிருந்து படப் புத்தகம் போடுகிறது. தமிழில் மட்டும் உள்ளதும் உண்டு, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ளதும் உண்டு. இரண்டு மொழியும் கிடைக்கிறதே என்று உனக்கு ஆசை வரும். இப்போதைக்குத் தமிழ் மட்டும் உள்ளதை எடு. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' சின்னச் சின்னப் புத்தகமாக, நம் கைக்கு அடங்கிய விலையில் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தை நூல்களும் விலை குறைவுதான். பிரதம் புக்ஸ் தன் புத்தகங்களை நாலு நிலையாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலை பாப்பாவுக்கு. அவர்களே 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து நடுவில் ஸ்டேப்லர் அடித்தால் புத்தகம். ஆனால் அங்கே பல கதைகள் மொழிபெயர்ப்பு. மூலத்தில் குட்டியாக இருந்த வரி தமிழுக்கு வரும்போது நீண்டிருக்கும். நிலை ஒன்று என்று போட்டிருந்தாலும் வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் அச்செடுக்காதே.

பள்ளிக்கூடத்திலும் கேள். 2023இல் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். 'நுழை'யில் உள்ளது அவள் கைக்கு வந்தால் நல்லது. கிளை நூலகத்தில் அவள் பெயரில் உறுப்பினர் அட்டை எடு. 1948இல் வந்த நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாய், ரசீதை எடுத்துப் பார். கட்டின காசுக்காவது உள்ளே போ.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் உள்ள பழைய சிறுவர் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கலாமா என்றாய். அவற்றைக் காதுக்கான அடுக்கில் வை. 1978க்கு முன்னால் அச்சானவை அவை. லை, ளை, னை, ணை எல்லாம் அதில் தும்பிக்கை போட்டுக்கொண்டு நிற்கும். பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் புது வடிவத்தைக் கொண்டுவந்தார். அரசாங்கம் ஏற்றது 1978இல்தான். நீயும் நானும் படிக்கப் போனபோது புது எழுத்து. இப்போதுதான் எழுத்து பிடிபட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு 13 எழுத்துக்கு இரண்டிரண்டு வடிவம் காட்டிக் குழப்ப வேண்டாம். பெரியவள் ஆனதும் அவளே கண்டுபிடித்து அதிசயப்படுவாள்.

இவ்வளவு சொன்னாலும், அவளுக்குப் பொருத்தமான முதல் புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. காட்டு யானை, கடற்கரை, மாடி வீடு, பெரிய நகரத்துப் பூங்கா எல்லாம் புத்தகங்களில் வருகின்றன. செராமிக் பட்டறை வரும் குழந்தைப் புத்தகம் என் கைக்கு அகப்படவில்லை. நம் ஊரில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இமையம் இருக்கிறார், மணக்கொல்லையில் கண்மணி குணசேகரன் இருக்கிறார். நாம் வீட்டில் பேசும் வார்த்தைகளை நடுநாட்டுச் சொல்லகராதி என்று தொகுத்தே வைத்துவிட்டார் அவர். ஆனால் அவர்கள் நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு எழுதுகிறார்கள். ஆகவே பாப்பாவின் முதல் புத்தகத்தை நீ எழுது. சிரிக்காதே. பழைய காலண்டர் தாளைத் திருப்பி மடித்து, எட்டுப் பக்கம் தைத்துக்கொள். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால், வார்த்தைக்கு வார்த்தை நன்றாக இடம் விட்டு, பக்கத்துக்கு ஒன்றாக எழுது:

லாரி வந்தது. மண் வந்தது.
அப்பா மண் கரைத்தார்.
அச்சில் ஊற்றினார்.
அச்சு திறந்தது. யானை வந்தது!
யானைக்கு ஒரு காது இல்லை.
அம்மா காது ஒட்டினார்.
யானை சூளைக்குப் போனது.
யானை வந்தது. காது?

எட்டாம் பக்கத்தில் யானையை மட்டும் வரை. காது வரும் இடத்தை வெறுமையாக விடு. காது இருந்ததா, சூட்டில் விழுந்துவிட்டதா என்பதை அவளே வரைந்து முடிக்கட்டும். இதில் அவளுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'வந்தது' நாலு முறை வருகிறது, நாலாவது முறை எழுத்துக் கூட்டாமலே வாசிப்பாள். அதைவிட முக்கியம், காது என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை இருக்கும். அந்த ஆசைதான் பக்கத்தைப் புரட்ட வைக்கும். கடையில் நிற்கும்போதும் இதையே அளவாக வை: வார்த்தை தெரிந்ததா, அடுத்த பக்கத்தில் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் வாங்கு. ஒழுக்கம் கற்றுக்கொடுக்க நாம் இருக்கிறோம். அந்தப் பாரத்தையும் புத்தகத்தின் தலையில் ஏற்றாதே.

நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி போட்டால் அவளையும் கூட்டிப்போ. நீ தேர்ந்தெடுப்பது போக, ஒரு நோட்டை அவள் கையில் கொடுத்து அவளுக்குப் பிடித்ததை எடுக்கச் சொல். டைனோசர் ஸ்டிக்கர் புத்தகத்தோடு வந்து நின்றால் முகத்தைச் சுளிக்காமல் பில் போடு. வீட்டுக்கு வந்ததும் அடுக்கி வைப்பது ஷோகேஸில் அல்ல. பொம்மைகளுக்குப் பக்கத்தில் ஷோகேஸ் கண்ணாடிக்குள் போன புத்தகத்தை எந்தப் பிள்ளையும் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் கை எட்டும் உயரத்தில், கிழிந்தாலும் பரவாயில்லை என்று போட்டு வை. முடித்த புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுத்தால் புதுசைத் திணிக்காதே. பிள்ளைகள் பழகுவதே அப்படித்தான்.

கார்த்திகைக்கு அகல் விளக்கு வேலை நெருக்கும் என்று தெரியும். இருந்தாலும் ராத்திரி சாப்பிட்டபிறகு பத்து நிமிஷம் ஒதுக்கு. முதலில் அவள் ஒரு சின்னப் புத்தகம் வாசிக்கட்டும், பிறகு நீ ஒரு பெரிய கதை வாசி. வரிக்கு வரி தடுக்கினால் அந்தப் புத்தகத்தை உன் அடுக்குக்கு மாற்றிக்கொண்டு நீயே வாசித்துவிடு, அவளைத் தோற்றவளாக எழுந்துபோக விடாதே.

பொங்கலுக்கு வருகிறேன். யானைப் புத்தகத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் நின்றால் நீ பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். யோசிக்க அவகாசம் கொடுத்தால் அவளே கண்டுபிடிப்பாள்.

அன்புடன்,
அக்கா