காற்றைப் பார்த்துக் கட்டிய ஊர்கள்

ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குப் பேருந்தில் நாலைந்து மணி நேரத்தில் போய்விடலாம். பாய்மரப் படகில் ஒரு வாரம் ஆகும். ஆனால் குரோஷியாவின் இந்தக் கரையோர ஊர்களெல்லாம் கடலைப் பார்த்து நிற்பவை. சாலை வழியே வருபவர் கொல்லைப்புறமாக நுழைகிறார்.

இங்கே ஸ்கிப்பர் வேலைக்கு மூன்று காற்றுகளைத் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் வடமேற்கிலிருந்து எழும் மாயெஸ்ட்ரால் பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது அடங்கும். தென்கிழக்கே போகிறவருக்கு அது பின்காற்று. அதனால்தான் நான் ஸ்ப்ளிட்டில் கிளம்புகிறேன். எதிர்த்திசை யூகோ சொல்லிவிட்டு வரும். காற்றில் ஈரம் கனக்கும், அழுத்தமானி இறங்கும், அலை நாளுக்கு நாள் பெருகும். பூரா அப்படியல்ல. வானம் தெளிவாக இருக்கும்போதே வடகிழக்கு மலைகளிலிருந்து கீழே விழும். முகட்டில் வெள்ளை மேகம் நகராமல் படிந்து நின்றால் உடனே பாயைச் சுருக்கிவிடுவேன். பூரா வந்தபின் சுருக்குவது பெரும்பாடு.

ஹ்வார் தீவில் ஹ்வார் ஊரின் துறைமுகம் தெற்கே திறந்தது. யூகோ அடித்தால் அங்கே தூங்க முடியாது. அன்றைக்குத் தீவின் வடபுறம் ஸ்டாரி கிராடுக்குப் போய்விடுவேன். பாரோஸ் தீவுக் கிரேக்கர்கள் கி.மு. 384-இல் குடியேறிய இடம். ஆழமாக உள்ளே நீளும் அந்தக் குடாவை அவர்கள் ஏன் தேர்ந்தார்கள் என்பது அப்படிப்பட்ட இரவில் நன்றாகவே புரியும்.

எனக்குப் பிடித்தது கோர்ச்சுலா. பெலியேஷாட்ஸ் தீபகற்பத்துக்கும் கோர்ச்சுலாத் தீவுக்கும் இடையே கடல் குறுகக் குறுக மாயெஸ்ட்ரால் வேகமெடுக்கும். ஊருக்குக் கிழக்கே உள்ள மெரினாவில் படகின் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டிப் பின்னோக்கியே வர வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கயிற்றைத்தான் முதலில் வீச வேண்டும். மாற்றி வீசினால் பக்கத்துப் படகின் மேல் சாய்ந்துவிடுவோம். பிறகு, தண்ணீருக்கடியில் கிடக்கும் கயிற்றின் நுனியைக் கரையிலிருந்து எடுத்து, கை மாற்றி மாற்றி முன்பக்கம் கொண்டுபோய் இழுத்துக் கட்ட வேண்டும். அதில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும், கையுறை அவசியம்.

கட்டி முடித்ததும் பழைய ஊருக்குள் நடப்பேன். நடுத்தெருவிலிருந்து இருபுறமும் சந்துகள் பிரிகின்றன. மேற்குச் சந்துகள் நேராக ஓடுகின்றன, மாயெஸ்ட்ரால் உள்ளே வரட்டும் என்று. கிழக்குச் சந்துகள் லேசாக வளைகின்றன, பூராவின் வேகம் உடையட்டும் என்று. பகலெல்லாம் சுக்கானில் நான் போட்ட கணக்கையே அந்தக் கொத்தனார்கள் கல்லில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்காக இந்த ஊருக்கு நான் தரும் மரியாதையை வேறெந்த ஊருக்கும் இத்தனை மனமார்ந்து தந்ததில்லை.

டுப்ரோவ்னிக்கின் பழைய துறைமுகம் நம் படகுகளுக்கானதல்ல. கொமோலாட்ஸ் மெரினாவுக்குப் போக வேண்டும். ஆனாலும் மதிலுக்கு முன்னால் ஒரு சுற்றுப் போகாமல் நான் திரும்புவதில்லை. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருபவர்களை ஒரு மாதம் வெளியே தங்கவைத்த பிறகே உள்ளே விடுவது என்று 1377-இல் சட்டம் போட்ட நகரம் அது. கடல் வணிகத்தால் வாழ்ந்த ஊர் கதவை ஒரேயடியாகச் சாத்தாமல், காத்திருக்கச் சொன்னது.

என் திட்டத்திலும் ஒரு நாள் காலியாகவே இருக்கும். அதில் இன்னொரு ஊரைச் சேர்க்கச் சொல்பவர்களுக்கு நான் இணங்குவதில்லை. யூகோ வந்தால் அந்த நாள் அதற்கு. வராவிட்டால் ம்லெட் தீவின் போலாச்சே குடாவில் நங்கூரம் போடுவோம். ரோமர் கால மாளிகையின் சுவர்கள் அங்கே கரையோரமாகவே நிற்கின்றன.