பழி யார்மேல்?

பிள்ளைக்குப் பேச்சு வராவிட்டால் நம் ஊர்ப்பக்கம் முதல் பழி தாய்மேல்தான். திண்டிவனத்தில் என் சித்தியும் அதைக் கேட்டு அழுதார். அவர் மகனுக்கு ஆட்டிசம்.

விழுப்புரம் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். தாயின் அன்புக் குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு அறிஞர்களே எழுதினார்களாம்! 1977-இல் இங்கிலாந்தில் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும், ஒருவருக்கேனும் ஆட்டிசம் உள்ள 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து எழுதினர். ஒரே கருமுட்டையில் உருவான 11 சோடிகளில் 4-இல் இருவருக்குமே அது இருந்தது. மற்ற 10-இல் ஒன்றிலும் அப்படி இல்லை. பரம்பரைக்குப் பங்குண்டு என்பது புலனாயிற்று.

கருவறைச் சூழலுக்கும் பங்குண்டு. கர்ப்பிணிக்கு ரூபெல்லா கண்டால் சிசுவின் காது, கண், இதயம், மூளை பாதிக்கப்படலாம்; ஆட்டிசமும் வரலாம். 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் போட்ட ஊசி தட்டம்மையோடு இந்த ரூபெல்லாவையும் தடுக்கத்தான். (அன்று நான் அழுத அழுகை!)

இவற்றை நான்கு பக்கக் கடிதமாகச் சித்திக்கு எழுதினேன். அதை அவர் தம் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினாராம்.