ஆள் மாறிப்போச்சு

மேல்பட்டாம்பாக்கம் காலனியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா கேட்டாங்க: "ஏன் தம்பி, ஒருத்தன வெட்ட வந்தவன் வேற ஒருத்தன வெட்டிட்டான். ஆளு மாறிப்பூடுச்சின்னு சொன்னா உட்டுடுவாங்களா?" எம்.ஏ. தமிழ் படித்த என்னைச் சட்டப் புத்தகம் புரட்ட வைத்த கேள்வி இது.

விடமாட்டார்கள். இன்சூரன்ஸ் பணத்துக்காக ஒருவரைக் கொல்ல அல்வாவில் விஷம் வைத்துக் கொடுத்தான் ஒருவன். அவர் கொஞ்சம் தின்று மிச்சத்தை எறிந்தார், பிழைத்தார். அதை எடுத்துத் தின்ற சிறுமி செத்தாள். அவளைக் கொல்ல அவன் நினைக்கவேயில்லை. ஆனாலும் கொலைதான் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 1912-லேயே. இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 301-வது பிரிவு. 2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 102.

வெட்டினவன் மட்டுமில்லை, வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டவனும் சிக்குவான். பழைய 120-பி, இப்போது 61. கொலை செய்யக் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட அன்றைக்கே சதி குற்றமாகிவிடுகிறது. "நான் சொன்ன ஆளு இவனில்ல" என்பது அந்தக் குற்றத்திலிருந்து அவனை விடுவிக்காது.

ஓட்டை வேறிடத்தில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)-ன் ஐந்தாம் உட்பிரிவுக்கு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, செத்தவர் தலித் என்று தெரிந்தே செய்தான் எனக் காட்டவேண்டும். "இவன் யாருன்னே தெரியாது" என்று அங்கேதான் வாய் திறப்பான். அதனால் புகாரிலேயே எழுதுங்கள்: எந்தத் தெருவுக்குள் வந்தான், யாரைத் தேடினான், என்ன சாதி சொல்லித் திட்டினான்.

பேர் தெரியாமல் வெட்டலாம். தெரு தெரியாமல் சேரிக்குள் எவனும் அரிவாளோடு வருவதில்லை.