கடல் எடுத்த கரை

கடற்கரை காண்பார்க்குக் களிப்பூட்டும் இடம். அலையைக் கண்ட குழந்தை கைகொட்டி ஆர்ப்பரிக்கும்; ஈர மணலிற் கால் வைத்த முதியோரும் ஒரு கணம் இளையோர் ஆவர். ஆயினும் அக்கரை என்றும் ஒருபடித்தாய் நிற்பதன்று. ஓரிடத்தில் அது வளரும், மற்றோரிடத்தில் தேயும். அவ்வளர்ச்சியையும் தேய்வையும் ஒரே நாளிற் கண்டு படமாக்கிய ஒளிப்படக் கலைஞர் ஒருவரைப் பற்றி இங்கு அறிவோம்.

சென்னைக்கு மேற்கே, கூவம் ஆற்றை அடுத்து அமைந்தது திருவேற்காடு. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம் அது. மூர்க்க நாயனார் தோன்றிய ஊரும் அதுவே. கருமாரியம்மனை வழிபட வரும் மக்கள் கூட்டத்தால் இன்று அவ்வூர் எந்நாளும் விழாக்கோலம் பூண்டு விளங்குகின்றது. அவ்வூரினரே நம் கலைஞர். ஊர்தோறும் சென்று படம் எடுத்துப் பயண இதழ்களுக்கு அளிப்பது அவர்தம் தொழில். சென்னைக் கடற்கரையைப் பற்றி ஆறு படங்கள் வேண்டுமென ஓர் இதழாசிரியர் அவரைக் கேட்டிருந்தார். "படத்தைக் கண்டவர் அன்றே மூட்டை கட்டிக்கொண்டு புறப்படவேண்டும், அத்துணை அழகாக இருத்தல் வேண்டும்" என்பது ஆசிரியர் விதித்த கட்டளை.

கிழக்குக் கரையிற் படம் எடுக்க விரும்புவோர் கதிரவனுக்கு முன் எழுதல் வேண்டும். ஆதலின், கோழி கூவுமுன் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். பொழுது புலருமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடைந்தார். இரவெல்லாம் கடலில் உழைத்த விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேர்ந்துகொண்டிருந்தன. வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் கூடை கூடையாக இறங்கின. ஏலம் கூறுவோர் குரல் அலையோசையை விஞ்சியது.

கலைஞர் உடனே படப்பெட்டியைத் திறந்தாரல்லர். முதலில் படகோட்டி ஒருவரை அணுகி, "ஐயா, படம் எடுத்துக்கொள்ளலாமா?" என வினவினார். "எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஏலத்திற்கு மட்டும் குறுக்கே நில்லாதீர்கள்" என்றார் அவர். பிறர் உழைக்கும் களத்துள் நுழைவோர் அவர்தம் இசைவைப் பெற்றே நுழைதல் வேண்டும் என்பது நம் கலைஞரின் கொள்கை. கதிரவன் கடலின்மேல் எழுந்தபோது படகுகளும் அவற்றில் நின்ற மாந்தரும் பொன்னிறப் பின்னணியிற் கரிய ஓவியங்களாய்த் தோன்றினர். அக்காட்சி நிலைப்பது சிறிது நேரமே. உப்புக் காற்றால் ஆடியிற் படிந்த ஈரத்தை மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து அவர் படம் எடுத்தார். ஆசிரியர் விரும்பிய படங்களுள் மூன்று அங்கேயே கிடைத்துவிட்டன.

பின்னர் அவர் கரையோரமாகத் திருவொற்றியூரை நோக்கி வடக்கே சென்றார். அங்கே மணற்பரப்பு மிகக் குறுகியிருந்தது. பல இடங்களில் மணலே இல்லை. கடல் மேலும் உட்புகாதவாறு கருங்கற்களைக் குவித்து அரண் அமைத்திருந்தனர். கடலுள் நீண்டு செல்லும் கல்லணைகளும் காணப்பட்டன. அவற்றைத் தூண்டில் வளைவுகள் என்பர். அக்கற்களின்மீது மீன் உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அவரை நிமிர்ந்து நோக்கினார்.

"எதனைப் படம் எடுக்கிறாய், தம்பி?"

"கடலை எடுக்கிறேன், அம்மா."

"வருகிறவர்கள் எல்லாரும் கடலை எடுக்கிறார்கள். கடல் எடுத்ததை யார் எடுக்கிறார்கள்?"

கலைஞருக்கு அவ்வினா விளங்கவில்லை. மூதாட்டி எழுந்து நின்று, அலை உடைந்து நுரைக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டினார். "அதோ, அங்கேதான் எங்கள் தெரு இருந்தது. நான் மணமாகி வந்து புகுந்த வீடும் அங்கேதான் இருந்தது" என்றார்.

கலைஞர் அத்திசையை நோக்கினார். நீரன்றி வேறொன்றும் தென்படவில்லை. இருப்பதைப் படம் எடுக்கலாம். இல்லாததை எங்ஙனம் எடுப்பது? சற்று நேரம் செயலற்று நின்றார். பிறகு மூதாட்டியின் இசைவு பெற்று, கடலை நோக்கி நீண்ட அவர்தம் கையையும், அதற்கப்பால் விரிந்த வெறும் நீர்ப்பரப்பையும் ஒருசேரப் படமாக்கினார்.

கடல்கோளுக்கு ஒளிப்படம் சான்றாக நின்ற வரலாறு பிற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் டன்விச் என்பது ஓர் ஊர். முற்காலத்தில் பெருந்துறைமுகமாய் விளங்கிய அவ்வூரைக் கடல் நூற்றாண்டுதோறும் சிறிது சிறிதாக விழுங்கியது. அங்கு எஞ்சி நின்ற பழைய தேவாலயம் ஒன்று 1904 ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாகக் கடலுட் சரியலாயிற்று. 1919 ஆம் ஆண்டில் அதன் கோபுரமும் வீழ்ந்தது. அக்காலத்தில் எடுக்கப்பட்ட படங்களை வரிசையாக வைத்து நோக்குவோர், அக்கட்டடம் படிப்படியாக அழிந்த வகையைக் கண்ணாரக் காணலாம். அத்தெருவிலோ அவ்வாறு முன்கூட்டிப் படம் எடுத்து வைப்பார் இல்லை. அதன் உருவம் மூதாட்டியின் நினைவில் மட்டுமே எஞ்சியது.

உச்சி வெயிலிற் படம் சிறவாது. நிழல் சுருங்கிப் பொருள்கள் தட்டையாய்த் தோன்றும். ஆகவே, கலைஞர் சிறிது இளைப்பாறி, பிற்பகலில் மெரினாவை அடைந்தார். சாலையை விட்டு இறங்கி, காலடிகளை எண்ணிக்கொண்டே நீரை நோக்கி நடந்தார். எண்ணிக்கை முந்நூறைக் கடந்தும் நீர் எட்டவில்லை. இவ்விரிந்த மணல் தொன்றுதொட்டு இருந்ததன்று. துறைமுகம் தோன்றுமுன் அலைகள் இன்றைய சாலைக்கு அண்மையிலேயே வந்து மோதின. 1875 ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இக்கரையோரத்தில் அலைகள் ஓராண்டிற் கொண்டுசெல்லும் மணலிற் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. துறைமுகத்தின் கற்சுவர்கள் அதனை வழிமறித்தன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே தங்கி மெரினாவாய் விரிந்தது. 1884 ஆம் ஆண்டில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கு உலாவும் பாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். வடகரைக்கோ, அலை அரித்துச் சென்ற மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் வரவில்லை. செலவு உண்டு, வரவு இல்லை. அக்கரை தேய்ந்ததற்கு அதுவே தலையாய காரணம்.

கலைஞர் நின்றார். தம் காலடியிற் கிடக்கும் மணலுக்கும், காலையிற் கண்ட மூதாட்டியின் சுட்டுவிரலுக்கும் உள்ள தொடர்பு அப்பொழுதுதான் அவருக்குப் புலனாயிற்று. பட்டம் விடும் சிறுவரும், சுண்டல் விற்போரும், குதிரை ஏறிக் களிப்போரும் நிறைந்த அம்மணற்பரப்பை அவர் அழகுறப் படம் எடுத்தார். அவ்வழகு பொய்யன்று, ஆயினும் அது பாதி உண்மையே என்பதை அவர் உணர்ந்தார்.

அந்தி வேளையில் நேப்பியர் பாலத்தருகே கூவத்தின் கழிமுகத்தை அடைந்தார். தம் ஊரின் வழியே ஓடிவரும் ஆறு, நகரின் கழிவையெல்லாம் சுமந்து, கடல் வாயிலில் தயங்கி நின்றது. வடக்கே செல்ல வழியின்றித் தங்கும் மணல் அங்கும் மேடிட்டு ஆற்றின் வாயை அடைக்கின்றது. அதனை அள்ளி அகற்றுவர். அலை மீண்டும் கொணர்ந்து குவிக்கும். மேலைவானின் செவ்வொளி நீரிற் பட்டு மின்ன, அவர் அன்றைய இறுதிப் படத்தை எடுத்தார்.

இரவு வீடு திரும்பிய கலைஞர் படங்களை முன்வைத்து நெடுநேரம் சிந்தித்தார். ஆசிரியர் கேட்டவை ஆறு படங்கள். அவையும் நன்கு அமைந்திருந்தன. அவற்றோடு நிறுத்திக்கொள்ளின் ஊதியம் உறுதி. மூதாட்டியின் படத்தைக் கண்டு எவரும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படார். அதனை அனுப்பின் ஆசிரியர் சினந்து அடுத்த பணியைப் பிறர்க்கு அளித்தலும் கூடும். எனினும், கரையின் கதையைக் கூற முன்வந்தவர் அதன் ஒரு பக்கத்தை மறைத்தல் தகுமோ? அவர் ஏழு படங்களை அனுப்பினார். ஏழாவதன் கீழ், "இங்கே ஒரு தெரு இருந்தது" என்று மட்டும் எழுதினார்.

இதழ் வெளிவரும்வரை அவர் காத்திருக்கவில்லை. மறுவாரமே அப்படத்தின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு வடகரைக்குச் சென்றார். மூதாட்டி அதனைக் கையில் வாங்கி, தம் உருவத்தைப் பாராது, விரல் சுட்டிய நீர்ப்பரப்பையே உற்று நோக்கினார். "ஆம், இதே இடந்தான்" என்று கூறி, ஈரம் படாதவாறு முந்தானையிற் பொதிந்து வைத்துக்கொண்டார்.

மாணவர்களே! அழகைக் காட்டுவது கலையின் ஒரு கடமை. அவ்வழகின் பின்னே மறைந்து நிற்போரையும் காட்டுவது அதனினும் பெரிய கடமை. நீங்கள் அடுத்த முறை மெரினா மணலில் விளையாடும்பொழுது, ஒரு நொடி வடக்கே திரும்பி நோக்குங்கள். அங்கும் ஒரு கரை உண்டு. அதனை நினைவில் வைத்துக் காப்போரும் உண்டு.