வரப்பைச் சுற்றி ஒரு நரி வேட்டை

வயல் வேலைக்கு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போன தலைமுறைக்கு ஒரு விஷயம் அனுபவத்தில் தெரியும். வரப்பு மேல் பெட்டியை ஒருவாக்கில் வைத்தால் திருச்சி வானொலி கணீரென்று கேட்கும். அதையே கொஞ்சம் திருப்பி வைத்தால் குரல் மங்கிப்போய் இரைச்சல்தான் மிஞ்சும். பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள், பேட்டரியை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெட்டியில் இல்லை. மீடியம் வேவ் அலையைப் பிடிப்பதற்காக அதற்குள் ஒரு கரிய ஃபெரைட் கம்பி படுத்திருக்கிறது. அந்தக் கம்பியின் முனை நிலையத்தை நேராகப் பார்த்தால் சத்தம் குறையும், குறுக்காகக் கிடந்தால் கூடும். அதாவது, சத்தம் அடங்கும் திசையை வைத்தே நிலையம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்தச் சின்ன சூட்சுமத்தை வைத்துக்கொண்டு காட்டிலும் மேட்டிலும் மணிக்கணக்கில் ஓடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. பேச்சுவழக்கில் அதன் பெயர் 'நரி வேட்டை'. ஆனால் இதில் நரியும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. காட்டுக்குள் ஒளித்து வைத்த சிறிய ஒலிபரப்புக் கருவிதான் நரி. அதைக் காதால் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேட்டை. ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் உருவாக்கிய விளையாட்டு இது. 1961-ல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் முதல் ஐரோப்பியப் போட்டியும், 1980-ல் போலந்தில் முதல் உலகப் போட்டியும் நடந்தன. இன்றைக்கும் இதில் பேர்போன நாடுகளில் ஒன்று செக் குடியரசு. 2004-ல் அந்நாட்டின் பிர்னோ நகரிலேயே உலகப் போட்டி நடந்தது.

கிழங்கு விளையும் மேட்டு நிலம்

தலைநகர் பிராக்கில் இருந்து பிர்னோவுக்கு நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர். பாதி வழியில் நிலம் மெல்ல உயர்ந்து, அலை அலையான மேடுகளாக மாறுகிறது. இந்தப் பகுதிக்கு விசோச்சினா என்று பெயர். செக் மொழியில் மேட்டு நிலம் என்றே பொருள். உயர்ந்த சிகரமே 837 மீட்டர்தான். குளிர் அதிகம், மண்ணில் கல் அதிகம். அதனால் இங்கே உருளைக்கிழங்கு பேர் வாங்கியது. கிழங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இங்குள்ள ஹவ்லீச்கூவ் பிராட் நகரில் இருக்கிறது.

ஐரோப்பாவின் பெரிய நீர்ப்பிரிமேடு இந்தப் பகுதி வழியாகத்தான் போகிறது. மேட்டின் ஒரு சரிவில் விழுகிற மழை சாசவா ஆற்றில் சேர்ந்து, கடைசியில் வட கடலுக்குப் போகும். மறு சரிவில் விழுகிற மழை ஸ்விரத்கா ஆறு வழியாக டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகும். இடையில் சிறு சிறு மீன் குளங்கள், வாற்கோதுமை வயல்கள், அவற்றுக்கு மேலே ஊசியிலைக் காடுகள்.

செக் நாட்டில் மூன்றில் ஒரு பங்கு காடு. 1995-ம் ஆண்டின் வனச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் காட்டுக்குள் நடக்கலாம். தங்கள் தேவைக்குக் காளானும் பழமும் பறிக்கலாம், கீழே கிடக்கும் சுள்ளியும் பொறுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூடையோடு குடும்பம் குடும்பமாகக் காளான் பறிக்கப் புறப்படுவது அந்த மக்களின் வழக்கம். காடு இப்படிப் பழகிய இடமாக இருப்பதால்தான் காட்டுக்குள் ஓடும் விளையாட்டும் அங்கே வேர் பிடித்தது.

ஐந்து நரிகள், ஐந்து நிமிடங்கள்

போட்டியின் விதிகள் எளிமையானவை. காட்டுக்குள் ஐந்து நரிகள் ஒளிந்திருக்கும். முதல் நரி ஒரு நிமிடம் ஒலிபரப்பும், பிறகு அடங்கிவிடும். அடுத்த நிமிடம் இரண்டாவது நரி, அதற்கடுத்து மூன்றாவது. இப்படி ஐந்தும் முடிந்ததும் மறுபடி முதல் நரி. ஆக, எந்த நரியும் ஒரு நிமிடம் பேசும், நான்கு நிமிடம் வாயை மூடிக்கொள்ளும்.

பேச்சு என்றால் தந்தி அடிக்கும் மோர்ஸ் குறிதான். எல்லா நரியும் ஒரே மாதிரி நீள ஒலிகளில் தொடங்கும். கடைசியில் வரும் குட்டை ஒலிகளை எண்ணினால் போதும். ஒன்று வந்தால் முதல் நரி, ஐந்து வந்தால் ஐந்தாவது நரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அரை மணி நேரத்தில் பழகிவிடுவார்கள்.

ஒரு நரிக்கும் அடுத்த நரிக்கும் குறைந்தது 400 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். புறப்படும் இடத்துக்கு 750 மீட்டருக்குள் நரி இருக்கக் கூடாது. நரி இருக்கும் இடத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிக் குறி தொங்கும். அதோடு இருக்கும் சின்னப் பெட்டியில், விரலில் மாட்டிய சில்லைத் தொட்டால் நேரம் பதிவாகும். வயதுக்கேற்பத் தேட வேண்டிய நரிகளின் எண்ணிக்கை குறையும். அதிக நரிகளைக் கண்டுபிடித்தவருக்கே முதலிடம். எண்ணிக்கை சமமானால் சீக்கிரம் வந்தவருக்கு. நேர வரம்பு மட்டும் இரக்கமில்லாதது. வரம்பைத் தாண்டி வந்தவர் எத்தனை நரியைப் பிடித்திருந்தாலும் அவருக்கு இடம் கிடையாது.

கையில் இருப்பவை மூன்று: வரைபடம், திசைகாட்டி, ரேடியோ. வழி சொல்லும் ஜி.பி.எஸ். கருவிக்கு அனுமதி இல்லை. 3.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் போட்டிக்கு, டிரான்சிஸ்டரில் இருப்பது போன்ற ஃபெரைட் கம்பி உள்ள கைக்கருவி. சத்தம் அடங்கும் கோடு தெரிந்தாலும், நரி அந்தக் கோட்டில் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது தெரியாது அல்லவா? அதற்காக ஒரு குட்டிக் கம்பி ஆன்டெனாவும் சேர்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கம் சத்தம் கூடி, மறுபக்கம் குறையும். 144 மெகாஹெர்ட்ஸ் போட்டிக்கு வேறு கருவி. முன்பு தூர்தர்ஷன் பார்க்கக் கூரை மேல் நட்டு வைத்தோமே, அந்த மீன் முள் ஆன்டெனாவின் சின்ன வடிவம்.

இந்த மீன் முள் ஆன்டெனா நம் காட்டுக்கும் புதிதல்ல. 1990-களில் முதுமலைப் பகுதியில் யானைகளின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி ஆய்வு செய்தபோது, இதே முறையில்தான் யானை நிற்கும் திசையைக் கண்டறிந்தார்கள். யானை எந்தெந்த வழியில் நடக்கிறது என்பது தெரிய வந்ததில் இந்த முறைக்கும் பங்கு உண்டு.

வரைபடத்தில் இல்லாத முள்புதர்

ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் ஓடுகிற ஒருவரின் இரண்டு மணி நேரத்தைப் பின்தொடர்ந்தால், இந்த விளையாட்டு முழுசாகப் புரிந்துவிடும். அவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். முதல், மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரிகள் அவர் பங்கு. நேர வரம்பு 120 நிமிடங்கள்.

முதல் ஐந்து நிமிடம் அவர் ஓடவில்லை. மேட்டில் நின்று ஐந்து நரிகளையும் ஒரு சுற்று கேட்கிறார். அவருக்கு வேண்டிய ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறார். ஒரே இடத்தில் இருந்து போட்ட கோடு, நரி இந்த வழியில் எங்கோ இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் மறுபடி கேட்டு இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நரி.

மூன்றாவது நரி 27-வது நிமிடத்தில் கிடைக்கிறது. நான்காவதற்குப் போகும் வழியில்தான் சிக்கல். வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. இந்த வரைபடங்களில் வெள்ளை என்றால் தாராளமாக ஓடக்கூடிய காடு. பச்சை கூடக் கூட அடர்ந்த புதர். ஆனால் நேரில் பார்த்தால் அங்கே காடே இல்லை. வெறும் அடிமரங்கள், அவற்றின் மேல் இடுப்பளவு முள்புதர்.

சில ஆண்டுகளுக்கு முன் வறட்சி அடுத்தடுத்து வந்தபோது, மரப்பட்டை வண்டு இந்த நாட்டின் காடுகளைத் தின்று தீர்த்தது. பல தலைமுறைகளாக மரத்துக்காக ஸ்புரூஸ் என்ற ஒரே இனத்தை வரிசை வரிசையாக நட்டு வளர்த்த காடுகள் அவை. தண்ணீர் கிடைக்காத மரத்தால் பிசினைச் சுரந்து வண்டை விரட்ட முடியவில்லை. ஒரு மரத்தில் பெருகிய வண்டு அடுத்த மரத்துக்குத் தாவ, மலைச் சரிவுகள் மொட்டையாயின. விசோச்சினாவில் அடி பலம். இப்போது அந்த இடங்களில் பீச், ஓக் என்று பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். மான் மேயாமல் இருக்க நாற்றுகளைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். பெண்மணி வேலியைச் சுற்றிப் போகிறார். அதில் ஏழெட்டு நிமிடம் போகிறது.

அதற்கடுத்து மின்கம்பி ஏமாற்றுகிறது. கம்பிக்கு அடியில் நின்று கேட்டால், நரி கம்பி போகும் திசையிலேயே இருப்பது போலக் காட்டுகிறது. நரியின் அலையை வாங்கி, கம்பியும் கொஞ்சம் திருப்பி வீசும். கம்பி வேலிக்கும் இதே குணம் உண்டு. நூறு தப்படி தள்ளிப்போய்க் கேட்ட பிறகுதான் உண்மைத் திசை பிடிபடுகிறது. நான்காவது நரி 58-வது நிமிடத்தில், முதல் நரி 86-வது நிமிடத்தில்.

வாற்கோதுமை வயல்

94-வது நிமிடம். ஐந்தாவது நரி பேசத் தொடங்குகிறது. பெண்மணி காட்டின் ஓரத்தில் நிற்கிறார். சத்தம் அடங்கும் கோடு நேர் எதிரே, ஒரு வாற்கோதுமை வயலின் குறுக்கே போய், மறுகரைக் காட்டுக்குள் நுழைகிறது. ஒலி பலமாக இருக்கிறது. அந்தக் காட்டின் ஓரத்திலேயே நரி இருக்க வேண்டும்.

வயலுக்குக் குறுக்கே 300 மீட்டர். நான்கு நிமிடத்தில் போய்விடலாம். 99-வது நிமிடத்தில் நரி மறுபடி பேசும்போது அதன் பக்கத்தில் நிற்கலாம். வரப்போரமாகச் சுற்றினால் 900 மீட்டருக்கு மேல், அதுவும் கரடுமுரடான பாதை.

வரைபடத்தில் அந்த வயல் மஞ்சள் நிறத்தில், மேலே கறுப்புப் புள்ளிகளோடு இருக்கிறது. பயிரிட்ட நிலம் என்பதற்கான குறி அது. பயிர் நிற்கும் நிலத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மீறினால் போட்டியை விட்டே நீக்குவார்கள். இந்த விளையாட்டு நடப்பதே காட்டுக்காரரும் நிலத்துக்காரரும் விடுகிற வழியில்தான். ஒருமுறை கதிரை மிதித்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்த ஊரில் போட்டி கிடையாது.

ஆனால் அந்த நேரத்தில் அங்கே பார்க்க ஒருவரும் இல்லை. கதிர் பழுக்கத் தொடங்கி, காற்றுக்குச் சாய்ந்து நிமிர்கிறது. டிராக்டர் போன இரண்டு சக்கரத் தடங்கள் வயலின் உள்ளே நேராகப் போகின்றன. அதில் ஓடினால் ஒரு தாளும் மிதிபடாது என்றுகூட மனசு சொல்லும். அவர் வரப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடுகிறார்.

மறுகரைக் காட்டை எட்டும்போது மணி 105-வது நிமிடம். நரி பேசி முடித்து அந்த நொடிதான் அடங்கியிருக்கிறது. இனி 109-ல்தான் வாய் திறக்கும். முடிவிடம் மேட்டில், ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவர் ஓட்டத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் பிடிக்கும். நின்று கேட்டு, தேடிப் பிடித்து, 111-ல் கிளம்பினால் நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. பிடித்த மூன்று நரிகளும் கணக்கில் வராமல் போகும். சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்க்கிறார். பில்பெர்ரிச் செடிகள், பாறைகள், மரங்கள். ஆரஞ்சுத் துணி கண்ணில் படவில்லை. திரும்பி மேட்டைப் பார்த்து ஓடத் தொடங்குகிறார்.

118-வது நிமிடத்தில் மூன்று நரிகளோடு முடிவிடத்தைத் தொடுகிறார். ஐந்து நரிகளையும் தேடிப் போன ஓர் இளைஞர் ஐந்தையும் பிடித்துவிட்டு, தன் 121-வது நிமிடத்தில் வந்து சேர்கிறார். அவர் பெயர் பட்டியலில் இல்லை.

முடிவிடத்தில் ஒரு மேசை போட்டு, காளானும் உருளைக்கிழங்கும் போட்ட சூடான சூப் ஊற்றிக் கொடுக்கிறார்கள். எல்லோரும் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரைபடத்தை விரிக்கிறார்கள். எங்கே தப்பாகத் திரும்பினோம், எந்தக் கம்பி ஏமாற்றியது என்ற பேச்சு. கிழங்கு தோண்டி முடித்த மாலையில் களத்தில் உட்கார்ந்து விளைச்சலைப் பேசுவது மாதிரிதான்.

ஐந்தாவது நரி எங்கே இருந்தது என்று பெண்மணி கேட்கிறார். பிடித்தவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறார். அவர் நின்ற இடத்தில் இருந்து நாற்பது தப்படி, ஒரு பாறைக்குப் பின்னால். அவர் சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறார். கீழே அந்த வாற்கோதுமை வயல், உள்ளே யாரும் போன சுவடில்லாமல், வெயிலில் அசைந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில வாரங்களில் அங்கே அறுவடை.