ஒரு விரல் அகலம்

காருக்குப் புதுச் சில்லுப் போட்டுக்கொண்டு வந்த அன்று, அப்பா சாரத்தோடேயே பார்க்கிங்குக்கு இறங்கி வந்து காரை ஒருமுறை சுற்றி வந்தார். முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ரயரின் பக்கச்சுவரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பிறகு எழும்பிக் கேட்டார்:

"தம்பி, இதில ரப்பர் எங்க?"

நான் சிரித்தேன். அவருக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். அப்பா ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் பற்றி என்ன தெரியும்?

கார், 2013 சயன் எஃப்ஆர்-எஸ். வேறு நாடுகளில் ரொயோட்டா 86 என்று விற்ற அதே கார். இரண்டு லீற்றர் சுபாரு எஞ்சின், 200 குதிரைவலு, பின் சில்லுகள் உருட்டும். ஸ்காபரோவில் வளர்ந்த என்னைப் போன்ற பெடியங்களுக்கு இந்தக் காரில் ஏன் இவ்வளவு ஆசை என்றால், செக்கன்ட் ஹான்டில் கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைக்கும், பார்க்க விலைகூடின கார் மாதிரி இருக்கும். ஒரேயொரு குறைதான். கம்பனி போட்டுவிட்ட 17 அங்குலச் சில்லுக்கு மேலே, மட்காட்டுக்குள் ஒரு வெறும் இடைவெளி தெரியும். அண்ணனின் சேட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற தம்பி மாதிரி.

அந்த இடைவெளி எனக்கு நித்திரையிலும் தெரிந்தது. நாலு 19 அங்குல வார்ப்புச் சில்லு, 225/35 ரயர், பூட்டுகூலியோடு 2,400 டொலர். பதினெட்டு எடு, பாரம் குறைந்ததாய் எடு என்று கூட்டாளி சொன்னான். நான் கேட்கவில்லை. பத்தொன்பதுதான் மட்காட்டை நிரப்பியது.

நியாயமாகச் சொன்னால், ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. நல்லது இருக்கத்தான் செய்தது. ரயரின் பக்கச்சுவர் கட்டையானால் அது வளைவதும் குறையும். ஸ்டியறிங்கைத் திருப்பின அதே கணம் காரின் மூக்கு திரும்பும். ட்வின் ரிவர்ஸ் ட்ரைவ் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பாதை இருக்கு. மரங்களுக்கு நடுவே சரிவும் வளைவுமாக ரூஜ் ஆற்றை நோக்கி இறங்கும். புதுச் சில்லோடு அதில் போன முதல் பின்னேரம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரயர் ஒரு சென்ரிமீற்றர் அகலம் என்பதால் பிடியும் கூடியிருந்தது. பெரிய சில்லு என்றால் உள்ளே பெரிய பிரேக்கும் வைக்கலாம் என்பார்கள். உண்மைதான், வைத்தால்! நான் வைக்கவில்லை. என்ர பழைய பிரேக் தட்டு, பெரிய தட்டத்தில் வைத்த ஒற்றை இட்டலி மாதிரி உள்ளே தெரிந்தது.

மற்றப் பக்கக் கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். குளியலறைத் தராசில் பழைய சில்லொன்றை ரயரோடு நிறுத்தேன்: 19.5 கிலோ. புதியது 22.5. ஒரு சில்லுக்கு மூன்று கிலோ, நாலுக்கும் பன்னிரண்டு. பின் சீற்றில் ஒரு அரிசிப் பை வைத்தமாதிரித்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. சில்லின் பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற பாரம். வீதியின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அது ஏறி இறங்கவேண்டும், ஸ்பிரிங்கும் டாம்பரும் அதைப் பிடித்து நிறுத்தவேண்டும். அதோடு அது சுற்றுகிற பாரம். பெரிய சில்லில் பாரம் நடுவை விட்டு விளிம்புக்குத் தள்ளிப் போகிறது. தூரம் இரண்டு மடங்கானால், சுற்றவைக்க நாலு மடங்கு கஷ்டம். 200 குதிரைக் காரில் அது காலுக்குத் தெரியும். சிக்னலில் இருந்து எடுக்கும்போது ஒரு சோம்பல். முழுச் சில்லின் விட்டமும் 15 மில்லிமீற்றர் கூடியதால் ஸ்பீடோமீற்றர் 100 காட்டும்போது கார் உண்மையில் 102க்கு மேலே ஓடியது. பெற்றோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கு. இந்தக் காரின் தலைமைப் பொறியாளர் தெற்சுயா தாடா, பிடி கூடின ரயரை வேண்டுமென்றே தவிர்த்தவர். ஜப்பானில் பிரியஸின் ஒரு வகைக்குப் போட்ட அதே ரயர்தான் இதற்கும் வந்தது. குறைந்த வேகத்திலேயே கார் லேசாய்ச் சறுக்கவேண்டும், ஓட்டுகிறவர் அதை உணர்ந்து விளையாடவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அவர்கள் ஆண்டுக்கணக்கில் யோசித்து வைத்ததை நான் ஒரு மட்காட்டு இடைவெளிக்காக ஒரு சனிக்கிழமையில் கழற்றி எறிந்தேன்.

ரொறன்ரோ வீதிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. வெடிப்புக்குள் தண்ணி இறங்கும், உறைந்து விரியும், உருகும், மேலே லொறி ஏறும். வசந்தம் வரும்போது ரோட்டில் கிடங்கு. சில்லு போட்டு மூன்றாம் கிழமை ஃபிஞ்ச் அவென்யூவில் அப்படி ஒன்றில் இறங்கினேன். ரயரின் பக்கத்தில் முட்டை மாதிரி ஒரு வீக்கம். அந்த ரயரோடு ஓடக்கூடாது, எந்த நேரமும் வெடிக்கலாம். புது ரயர் 280 டொலர். ரிம்மும் நெளிந்திருந்தது.

கழற்றின சில்லை அப்பாதான் ஒரு கம்பியில் கொழுவித் தொங்கவிட்டு, மெதுவாகச் சுற்றி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, மற்ற எல்லாரும் சைக்கிளில் ஓடினார்கள். 95ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு மூட்டையும் கிழவியுமாய்ப் பாரம் ஏற்றிப் போன சைக்கிள்களில் எத்தனைக்கோ அப்பா நெளிவு எடுத்திருக்கிறார்.

"சைக்கிள் எண்டா நான் எடுத்திருப்பன். இதில இறுக்கிறதுக்குக் கம்பி இல்லையே" என்றார்.

அவர் இங்கே ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு நான் போய் ஏற்றிக்கொண்டு வருவது வழக்கம். ஜூன் மாதம் ஒருநாள், "நீ மினக்கெடாத தம்பி, நான் பஸ்ஸில வாறன்" என்றார். இரண்டு பஸ், ஐம்பது நிமிசம். கோடைதானே, நடந்து காத்து வாங்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், காலையில் கூட ஒரு மணித்தியாலம் நித்திரை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

நவம்பரில் குளிர்கால ரயர் மாற்றவேண்டி வந்தது. 19 அங்குலத்துக்கு வாங்க என்னிடம் காசு இல்லை. ஸ்ரோறேஜில் கிடந்த பழைய 17 அங்குலச் சில்லில் குளிர்கால ரயரைப் பூட்டி மாட்டினேன். டிசம்பரில் ஒருநாள் பனி கொட்டி, பஸ் வரவில்லை. அப்பா கோல் எடுத்தார். போய் ஏற்றினேன். ஃபிஞ்ச் தாண்டி வரும்போது சொன்னார்:

"இப்ப கார் நல்லாய்ப் போகுது. என்ன செய்தனி?"

"பழைய சில்லு போட்டிருக்கிறன்."

"ஓ."

வைப்பர் நாலைந்து தரம் போய் வந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா, அதாலதான் நீங்க ஏறேல்லையா?"

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மா மூட்டை தூக்கித் தூக்கி நாரி நோகுது தானே. குலுங்கினால் கூடிப்போகும். நீ ஆசைப்பட்டு வாங்கினது, நான் என்னத்தைச் சொல்ல?"

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். பழைய ரயரின் பக்கச்சுவர் 97 மில்லிமீற்றர். புதியது 79. வித்தியாசம் 18. ஒரு விரல் அகலம். வீதிக்கும் அப்பாவின் நாரிக்கும் நடுவில் இருந்த ஒரு விரல் ரப்பரை 2,400 டொலர் கொடுத்து நான் வெளியே எடுத்திருந்தேன். ரப்பர் எங்க என்று அவர் முதல் நாளே கேட்டார். அரை வருசமாக இரண்டு பஸ் ஏறி வந்தார்.

வசந்தத்தில் 19ஐ 1,100 டொலருக்கு விற்றேன். நெளிந்ததைச் சொல்லித்தான் விற்றேன். அந்தக் காசில் பழைய 17க்கு நல்ல கோடை ரயர் வாங்கினேன். பிடி வேண்டுமென்றால் முதலில் ரயரில் செலவழியுங்கள். சில்லும் வேண்டும் என்றால் ஓரங்குலத்தோடு நில்லுங்கள், வாங்கமுதல் நிறை கேளுங்கள். காப்புறுதிக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துச் சீற்றில் யார் இருக்கப்போகிறார் என்று யோசியுங்கள்.

மட்காட்டு இடைவெளி திரும்பவும் வந்துவிட்டது. பார்க்கிங்கில் காரைப் பார்க்கும்போது இப்பவும் மனம் ஒருக்கால் சுருங்கும், பொய் சொல்லமாட்டேன். ஏழு மணிக்கு அப்பாவை ஏற்றினால் சீற்றைச் சரித்துவிட்டு உடனே நித்திரையாகிவிடுவார். ஃபிஞ்சில் அந்தக் கிடங்கை மூடின இடம் திரும்பவும் பதிந்துபோய்க் கிடக்கு. விலத்தப் பார்ப்பேன், சில நாள் முடியாது. திரும்பிப் பார்த்தால், மனிசன் எழும்பியிருக்கமாட்டார்.